கத்தரிக்காய் மட்டும் கொண்டுபோனால் சந்தை கட்டுப்படியாகாது

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர், சொட்டுநீர் போட்டிருக்கிறோம். ஒரு ஏக்கர் தக்காளி, அரை ஏக்கர் கத்தரி, மீதியில் மாட்டுக்குத் தீவனச் சோளம். தக்காளி முழுக்க மண்டிக்குத்தான் போகிறது. போன பருவத்தில் 14 கிலோ பெட்டி 100 ரூபாய்க்கு இறங்கியபோது பறிப்புக் கூலிக்கே கையிலிருந்து போட வேண்டியதாயிற்று. அதனால் உழவர் சந்தை அட்டை வாங்கி, மூன்று மாதமாகத் தினமும் கத்தரிக்காய் கொண்டுபோகிறேன். 50, 60 கிலோ கொண்டுபோனால் 25 கிலோதான் விற்கிறது. மீதியை வெளியே நிற்கும் வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகளும் கூடவே வருகிறாள். "தராசு பிடிக்கிறது நம்ம வேலை இல்லை, விட்டுட்டு வா" என்கிறார் வீட்டுக்காரர். கடனில் ஒரு சின்ன சரக்கு வண்டி எடுத்தால் நாலு ஊருக்குக் கொண்டுபோகலாம், மாதம் 12,000 ரூபாய் தவணைதான் என்கிறார் என் தம்பி. மண்டியில் 40,000 ரூபாய் முன்பணம் வேறு நிற்கிறது. மருந்தைக் குறைத்துவிட்டதால் 'இயற்கைக் காய்கறி' என்று பலகை வைத்தால் விற்பனை கூடுமா? சந்தைக்குத் தொடர்ந்து போவதா, விட்டுவிடுவதா?

— ஒரு பெண் விவசாயி, திருப்பூர் மாவட்டம்

பதில்: வேளாண் விற்பனைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர்

அம்மா, சந்தையை விடாதீர்கள். ஆனால் இப்போது போகிற முறையில் இன்னும் மூன்று மாதம் போனால் உடம்புதான் கெடும். தினமும் போவதை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறையுங்கள். கத்தரியை அரை ஏக்கரிலிருந்து 10 சென்டுக்கு இறக்குங்கள். வண்டி வேண்டாம். மகளைப் பள்ளி நாளில் அழைத்துப் போக வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் காசுக் கணக்கு. உழவர் சந்தையில் அன்றாட விலையைப் பக்கத்து மொத்த மார்க்கெட் விலை, கடைத்தெருச் சில்லறை விலை இரண்டையும் விசாரித்துவிட்டுத்தான் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு. இதுதான் அடிப்படை. கத்தரிக்காய் மொத்த விலை கிலோ 20 ரூபாய், கடைத்தெருவில் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். உழவர் சந்தைப் பலகையில் 24-லிருந்து 27-க்குள் நிற்கும். அதே காயை மண்டியில் போட்டால் 20 ரூபாயில் நூற்றுக்குப் பத்து கமிஷன் போகும். இறக்குக் கூலி, வண்டி வாடகை, எடைக் கழிவு எல்லாம் போக 17 ரூபாய் கைக்கு வந்தால் அதிகம். ஆக, நீங்கள் நேரில் நின்று விற்பதால் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 7 முதல் 10 ரூபாய். சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அவர்களே தருகிறார்கள் என்பதால்தான் இந்தப் பணம் உங்கள் கையில் நிற்கிறது.

இப்போது உங்கள் 25 கிலோவை இதில் பெருக்கிப் பாருங்கள். அதிகம் போனால் 250 ரூபாய். போய்வரும் செலவைக் கழித்தால் 200-க்குள். அதிலும் மிஞ்சிய 30 கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறீர்கள். மண்டியில் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதில் கிலோவுக்கு 5, 6 ரூபாய் நட்டம். அதையும் கழித்தால் 3 மணிக்கு எழுந்ததற்குக் கூலியாக ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொன்னாரோ, மனத்தாங்கலில் சொன்னாரோ தெரியாது, ஆனால் இன்றைய நிலையில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தவறு சந்தையில் இல்லை, விதைப்பில் இருக்கிறது. நல்ல ரகமும் நல்ல கவனிப்பும் இருந்தால் கத்தரி ஏக்கருக்கு 10 டன் வரை தரும். அரை ஏக்கர் என்றால் 5 டன். காய்ப்பு நூறு நாள் ஓடினால் நாளுக்கு 50 கிலோ. இது மண்டிக்கு வைத்த கத்தரி. அதை அப்படியே உழவர் சந்தைக்குத் திருப்பிவிட்டீர்கள். சந்தைக்கு வருகிறவர் யார்? நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாள் காய் வாங்க வருகிறவர். அவர் கத்தரி வாங்கினால் அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. உங்கள் பக்கத்திலேயே இன்னும் பத்துப் பேர் கத்தரி வைத்திருப்பார்கள். கத்தரி மட்டும் இருக்கும் கடையில் அவர் அரை கிலோ வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். கத்தரியோடு வெண்டை, கீரை, தக்காளி, கொத்தவரை இருந்தால் கத்தரிக்கு நின்றவர் வேறு இரண்டு காயும் எடுத்து, கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்கிக்கொண்டு போவார். மறுமுறை நேரே உங்களிடம் வருவார். வாடிக்கை அப்படித்தான் பிடிக்கும்.

அதனால் அந்த அரை ஏக்கரை இப்படிப் பிரியுங்கள். 10 சென்ட் கத்தரி: நாளுக்கு 10 கிலோ வீதம், மூன்று சந்தை நாளுக்குப் பிரித்தால் ஒவ்வொரு நாளும் 23, 24 கிலோ வரும். இப்போது உங்களால் விற்க முடிகிற அளவே அதுதான். 10 சென்ட் வெண்டை. விதைத்த 45-ஆம் நாளிலிருந்து காய்க்கும். ஒன்றரை மாதம் ஓடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் ஒரு பறிப்புக்கு 20 கிலோ சொல்லலாம். இந்த 10 சென்ட் காய்ப்புக்கு வரும் சமயத்திலேயே அடுத்த 10 சென்டில் வெண்டை விதை போட்டுவிட வேண்டும். முதல் பாத்தி ஓயும்போது இரண்டாவது காய்க்கும். கடையில் வெண்டை இல்லாத வாரமே இருக்காது. ஐந்து சென்ட் கொத்தவரை, ஐந்து சென்ட் செடி அவரை. வேலியோரம் பீர்க்கையும் முருங்கையும். மீதி நிலத்தைச் சும்மா போட்டு வையுங்கள். அடுத்த பட்டத்துக் கத்தரி நாற்றுக்கு இடம் வேண்டும். இருக்கிற கத்தரியே காய்த்துக் கொட்டிய பிறகு புது நாற்று நட்டால் நடுவில் இரண்டு மாதம் கடையில் கத்தரி இருக்காது.

கீரைக்குத் தனியாக மூன்று சென்ட் ஒதுக்குங்கள். அதை ஆறு பாத்தியாக்கி, ஐந்து நாளைக்கு ஒரு பாத்தி வீதம் சிறுகீரையோ முளைக்கீரையோ விதைத்து வாருங்கள். 25, 30 நாளில் பிடுங்கலாம்; ஆறாவது பாத்தி விதைத்து முடிக்கும்போது முதல் பாத்தி தயாராகியிருக்கும். ஓரத்தில் அரைக்கீரை போட்டால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கீரைக்கு முதலீடு குறைவு, மண்டிக்கு அனுப்ப முடியாது, வாடிவிடும். அதனாலேயே பெரிய விவசாயிகள் அதைத் தொடுவதில்லை. உங்களைப் போன்ற சிறு பண்ணைக்கு அது வரப்பிரசாதம்.

ஒரு எச்சரிக்கை. அட்டையில் உங்கள் நிலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்பதைப் பதிந்துதான் அனுமதி தருகிறார்கள். வியாபாரிகள் விவசாயி பெயரில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. புதுப் பயிர் வைத்ததும் உதவி வேளாண் அலுவலரை வயலுக்கு அழைத்துக் காட்டி, பயிர்ப் பதிவேடான அடங்கலிலும் ஏற்றி, சந்தை நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். கத்தரி மட்டும் பதிந்த அட்டையோடு ஆறு வகைக் காய் கொண்டுபோய் நின்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

எந்த மூன்று நாள்? செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு முதல் நாள் பூசணியும் வாழைக்காயும் அவரையும் தேடுவார்கள். துவாதசிக்கு அகத்திக்கீரை கேட்டு வருவார்கள். புரட்டாசி முழுவதும் காய்க்கு நல்ல கிராக்கி. அந்த மாதத்தில் கூட ஒரு நாள் போகலாம். ஐப்பசி அடைமழையில் வெண்டையும் கீரையும் குறையும், வரத்துக் குறைவதால் விலை ஏறும். மேட்டுப் பாத்தியில் கீரையைக் காப்பாற்றிக் கொண்டுவருகிறவருக்கு அன்று நல்ல வரும்படி.

இனி பறிப்பும் கடையும். இங்கேதான் மண்டிக்கும் சந்தைக்கும் பெரிய வித்தியாசம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மண்டிக்குத் தக்காளியைச் செங்காயாகப் பறிப்பீர்கள், லாரியில் இரண்டு நாள் தாங்க வேண்டும் என்று. உழவர் சந்தைக்கு அப்படி வேண்டாம். செடியிலேயே பழுத்ததை ஒரு கூடை, செங்காய் ஒரு கூடை எனத் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். இன்றைக்கு ரசத்துக்கு வேண்டியவர் பழத்தையும், வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறவர் செங்காயையும் எடுப்பார். ஒரு ஏக்கர் தக்காளியில் சந்தை நாளுக்கு 20 கிலோ இப்படி எடுத்துக்கொண்டு மீதியை வழக்கம்போல் மண்டிக்கு அனுப்புங்கள்.

வெண்டையும் கத்தரியும் முதல் நாள் மாலை 4 மணிக்கு மேல் வெயில் தாழ்ந்த பிறகு பறியுங்கள். திண்ணையிலோ கொட்டகையிலோ பரப்பி, ஈரச் சாக்கைப் பிழிந்து மேலே போர்த்திவிடுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது, சொட்டினால் கத்தரியின் காம்பு கறுத்துவிடும். கத்தரிக்காய் வாங்குகிற பெண்கள் முதலில் பார்ப்பது காம்பைத்தான். காம்பும் மேல்தொப்பியும் பச்சையாக இருந்தால் காயைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கூடையில் போடுவார்கள். வெண்டையில் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். பத்துப் பேர் ஒடித்தால் அரை கிலோ போயிற்று. நீங்களே இரண்டு காயை ஒடித்துக் குவியலின் முன்னால் வைத்துவிடுங்கள். பார்த்ததுமே பிஞ்சு என்று தெரியும், கை வைக்க மாட்டார்கள். முற்றலையும் சொத்தையையும் வீட்டிலேயே கழித்துவிடுங்கள். குவியலில் ஒரு சொத்தைக் கத்தரி கண்ணில் பட்டாலும் மொத்தக் குவியலையும் சந்தேகப்பட்டுப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாலையில் பறித்து, கழித்து, கூடையில் கட்டி வைத்துவிட்டால் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கீரை மட்டும் அந்தி சாய்ந்த பிறகு வேரோடு பிடுங்கிக் கட்டி, வேரில் ஈரம்படும்படி நிறுத்தி வையுங்கள்.

மிச்சம் விழுந்தால்? பலகையில் எழுதியிருப்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற விலை. குறைத்து விற்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்பதரை மணிக்கு மேல் மீதியைக் கூறு கட்டிவிடுங்கள். கத்தரி, வெண்டை, இரண்டு தக்காளி என்று கலந்து 20 ரூபாய்க் கூறு. மூன்றே பேர் உள்ள வீட்டுக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள். பக்கத்தில் மெஸ் நடத்துகிறவர் யாரிடமாவது முன்கூட்டியே பேசி, சந்தை முடிந்ததும் இருப்பதைக் கொடுத்துவிடுவதாக ஒரு விலை பேசிக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் வியாபாரிக்கு உங்கள் அவசரம் தெரியும். மெஸ்காரருக்கு உங்கள் காய் தேவை. அந்த வித்தியாசம் விலையில் தெரியும்.

வண்டிக்கு வருகிறேன். உங்கள் தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் மாதம் 12,000 தவணையை கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதல் வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். தவணை கட்டுவதற்கு மட்டுமே மாதம் 1,700 கிலோ விற்க வேண்டும். டீசல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் அதற்கு மேல். இரண்டு ஏக்கர் நிலத்தில் வண்டி உங்களுக்காக ஓடாது, நீங்கள்தான் வண்டிக்காக ஓடுவீர்கள். உங்கள் ஊரிலிருந்து சந்தைக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வாடகை வண்டி பேசுங்கள்; ஆளுக்கு என்ன செலவு என்று கணக்கு நேராக இருக்கும். யார் எதை விதைப்பது என்றும் அந்த மூன்று குடும்பத்துக்குள் பேசிக்கொண்டால் எல்லோரும் ஒரே வாரத்தில் வெண்டை கொண்டுவந்து நிற்க வேண்டியிருக்காது.

முன்பணம்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. முன்பணம் வாங்கிய மண்டிக்கே காயைப் போட்டாக வேண்டும். விலை குறைவு என்று வேறு இடம் பார்க்க முடியாது. அதை வெட்டென்று முறிக்கப் பார்க்காதீர்கள். ஒரு ஏக்கர் தக்காளியை உழவர் சந்தையில் விற்க முடியாது, மண்டி உங்களுக்கு வேண்டும். ஆனால் அடுத்த பயிருக்கான பணத்தைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனாக வாங்குங்கள். உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் அதற்கு வட்டி கிடையாது. சிட்டா உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அவரைப் போகச் சொல்லுங்கள். மண்டி முன்பணத்தைப் புதிதாக வாங்காமல், காய் போட்டதும் மண்டியில் எழுதித் தரும் ஒவ்வொரு சிட்டையிலும் ஒரு தொகையைக் கழிக்கச் சொல்லி, கழித்ததைக் கையோடு எழுதி வாங்குங்கள். இரண்டு பருவத்தில் தீர்ந்துவிடும். தக்காளியையும் ஒரே நாளில் ஒரு ஏக்கர் நடாமல் பாதியை இப்போதும் பாதியை ஒரு மாதம் கழித்தும் நடுங்கள். உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கம் எல்லோரும் ஒரே பட்டத்தில் நடுகிறோம், எல்லார் காயும் ஒரே வாரத்தில் வருகிறது. அதே நேரம் கர்நாடகத்துக் கோலார், ஆந்திராவின் மதனப்பள்ளிப் பக்கமிருந்தும் வரத்து பெருகினால் பெட்டி 100 ரூபாய்க்கு விழாமல் என்ன செய்யும்? இரண்டாக நட்டால் ஒரு பாதியாவது தப்பும்.

'இயற்கைக் காய்கறி' பலகை வேண்டாம். மருந்தைக் குறைத்திருக்கிறீர்கள், நிறுத்தவில்லை. அந்தப் பலகையை நம்பி, உடம்பு முடியாதவருக்கும் கைக்குழந்தைக்கும் சமைக்க வாங்கிப் போவார்கள். அவர்களிடம் பொய் சொல்ல நீங்கள் விரும்பமாட்டீர்கள். 'நேற்று மாலை எங்கள் தோட்டத்தில் பறித்தது' என்று எழுதி வையுங்கள். அது உண்மை, கடைத்தெருவில் யாராலும் எழுத முடியாதது. அதைவிட முக்கியமாக, மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை அந்தப் பாத்தியில் காய் பறிக்காதீர்கள், சந்தை நாள் தவறினாலும் சரி. கத்தரியில் துளைப்பான் புழு வாடவைத்த நுனித் தண்டுகளைக் கண்டதும் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள். 10 சென்டில் இதெல்லாம் கைக்கு அடங்கிய வேலை. அரை ஏக்கரில்தான் மருந்துக்கு ஓட வேண்டியிருந்தது. முழுவதுமாக நிறுத்தி ஒரு வருடம் பழகிய பிறகு, உங்கள் ஊரில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால், குழுவாக ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துச் சான்று பெறும் பி.ஜி.எஸ். முறைக்குப் போகலாம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அதன் நோக்கமே தராசை விவசாயி கையில் கொடுப்பதுதான். பஞ்சாபில் அப்னி மண்டி, ஆந்திராவில் ரைத்து பஜார் என்று அதற்கு முன்பே இருந்தவையும் இதே நோக்கம் கொண்டவை. இன்று நம் மாநிலத்தில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. அங்கே தராசு பிடித்து நிற்கிறவர்கள் விவசாயிகள்தான். விளைவித்தவர் விலையை எழுந்து நின்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, அவரே உங்களோடு வரட்டும். வாடிக்கைக்காரர் ஒருவர் போன வாரக் கத்தரி நன்றாக இருந்தது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால், நான் எழுதுவதைவிட அது வேலை செய்யும்.

மகள் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை விடியற்காலை 3 மணிக்கு எழுந்து கூடை தூக்கிவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தால் பாடம் ஏறாது. உதவி செய்ய அவளுக்கு ஆசை இருந்தால் சாயந்திரம் பத்து நிமிடம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதட்டும்: என்ன கொண்டுபோனீர்கள், என்ன விற்றது, என்ன திரும்பி வந்தது, காய்வாரியாக, கிலோ கணக்கில். ஒன்றரை மாதம் எழுதினால் கொத்தவரையைக் குறைப்பதா கீரையைக் கூட்டுவதா என்று நோட்டைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெண்டை காய்ப்புக்கு வந்த பிறகு அந்த நோட்டின் பக்கங்களை எனக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த பட்டத்துக்கு எத்தனை சென்ட் எதற்கு என்று சேர்ந்து பார்ப்போம்.